கசிவு தேடுதல்

கோண்டாவிலில் பழைய பால் குளிரூட்டும் நிலையம்,
மேல்மாடி. பதினொரு கதிரை.
வாசல் பதாகையில்
துணைக்கால் ஒன்றை அச்சகக்காரர் விழுங்கிவிட்டார்.
மூன்று கிழமை நாங்கள் 'குவண்டம்' படித்தோம்.

பயிற்றுநர் துவாரகாவுக்கு
என்னைவிட ஏழு வயது குறைவு.
முதல்நாளே சொல்லிவிட்டாள்:
பூனையைப் பற்றி ஒருத்தரும் கேட்கக்கூடாது.
இஞ்சையும் அங்கையும் ஒரேநேரம் இருக்கிற சனம் எண்டு
கவிதையும் வேண்டாம்.
பத்தாம் நம்பர் ஸ்பனரை எடுங்கோ.

எடுத்தோம்.
பிரிட்ஜ் திருத்துகிற பிரணவரூபன்,
குருநகர் ஐஸ் தொழிற்சாலையில்
பதினாறு வருசம் நின்ற கொன்சலா,
புத்தளத்தில் பிறந்து
சோனகதெருவுக்குத் திரும்பி வந்த றிஸ்னா
(போன் பலகையில் எறும்புக்கால் அளவு ஈயம் வைப்பாள்),
வங்கியை விட்டுவந்த நான்,
இன்னும் ஏழு பேர்.
தனிப்பூச்சியம், மைனஸ் இருநூற்று எழுபத்துமூன்று
என்று பலகையில் எழுதியபோது
வெளியே முப்பத்துநாலு.
மின்விசிறியும் நின்றிருந்தது.

உண்மை இயந்திரம் எங்களிடம் இல்லை.
எங்கோ கடல்கடந்த நகரத்தில்
பொன்முலாம் பூசித் தலைகீழாய்த் தொங்குகிறதாம்.
படம் காட்டினாள்.
கோயில் தூக்குவிளக்கு மாதிரிக் கிடக்கு என்றான் பிரணவரூபன்.
இன்ரவியூவில் அப்பிடிச் சொல்லிப்போடாதை என்றாள் றிஸ்னா.

எங்களிடம் இருந்தது
ஓர் உருக்கு உருளை, ஒரு பம்பு, ஒரு மானி,
பன்னிரண்டு போல்ட்.
எதிரெதிராய் முறுக்கவேண்டும்.
ஒரு பக்கத்தில் பாசம் கூடினால்
மறுபக்கம் வாய் திறக்கும்.

கசிவு தேட ஹீலியம் வேண்டும்.
கொழும்பிலிருந்து வர ஐந்து கிழமை.
ஸ்ரான்லி வீதியில் பலூன் விற்கும்
இன்பநாதனிடம் ஒரு சிலிண்டர் இரவல் வாங்கினோம்.

நாலாம் மாதம் முழுக்க
எங்களுடைய வெற்றிடம் வெற்றிடமாகவில்லை.
முள் இறங்கும், இறங்கும்,
கரண்ட் போகும், ஏறும்.
பொருத்து ஒவ்வொன்றிலும் வாயுவை ஊதி
ஊதி
எந்தப் பொருத்தென்று பிடிபடவில்லை.
அமோனியா எண்டால் மூக்குச் சொல்லும்,
இது ஊமைச் சாமான் என்று கொன்சலா பேசினாள்.
பிறகு மூடியைக் கழற்றச் சொன்னாள்.
கையுறை விரலை
இறப்பர் வளையத்தில் மெல்ல ஓட்டினாள்.
நின்றாள்.

ஒரு தலைமயிர்.
நீளத்தைப் பார்த்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வெற்றிடத்துக்கு
ஒரு மயிர் ஒரு ஒழுங்கை.
அதாலே கோண்டாவில் முழுக்க
உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது:
வெங்காயத் தோட்டத்து நெடி,
பலாலி வீதிப் பஸ்ஸின் புகை,
கீழ்மாடியில் இன்னும் போகாத பால்மணம்.

தொப்பி போட்டேன். பூட்டினோம்.
முள் இறங்கி அங்கேயே நின்றது.
ஒருவரும் கைதட்டவில்லை.
ஏழு நாற்பத்திரண்டு என்று
கொன்சலா கொப்பியில் எழுதினாள்.

கடைசிப் படிவத்தில் ஒரு கேள்வி:
பணிபுரிய விரும்பும் இடம்.
பிரணவரூபன் பின்லாந்து என்று எழுதி, வெட்டி,
மறுபடி அதையே எழுதினான்.
றிஸ்னா ஒரே சொல், அழுத்தி: இங்கே.
என்ன மெசின் இருக்கு இங்கை என்று கேட்டேன்.
வரேக்கை ஆள் வேணுமே என்றாள்.
நான் பேனையை மூடி வைத்திருந்தேன்.
இப்போதும் அந்தக் கட்டம் அப்படியே.

நல்லூர்த் திருவிழா கிட்டிவிட்டது,
சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனோம்.
இவ்வளவு வாயுவையும் முடிச்சு
என்னத்தைக் கண்டுபிடிச்சனீங்கள்?
மயிர், என்றாள் கொன்சலா.
இன்பநாதனின் முகம் கறுத்தது.
விளங்கப்படுத்தக் கால் மணித்தியாலம்.
பிறகு அவர் சிரித்த சிரிப்புக்குப்
பக்கத்து வளையல்காரன் எட்டிப் பார்த்தான்.

அடியில் கிடந்த வாயுவை
ஒரு சிவப்புப் பலூனில் பிடித்துத் தந்தார்.
எத்தனை நாள் நிற்கும் என்றேன்.
விடிய முதல் தொங்கிப்போகும் பிள்ளை,
இறப்பர் எல்லே.

கொன்சலா அதை வாங்கி,
கண்ணுக்கு அருகில் பிடித்து,
முடிச்சைச் சுற்றி
விரலை ஓட்டத் தொடங்கினாள்.